கட்டட வேலையில் உயிர்க்காப்பு

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்று நம்மவர் சொல்வதுண்டு. இவ்விரண்டிலும் கைப்பொருள் கரைகின்ற வேகத்தை எண்ணிச் சொன்ன சொல் அது. வீடு கட்டத் தொடங்குபவர் கல்லின் விலையையும், மணலின் விலையையும், சீமெந்தின் விலையையும், மேசன்மாரின் நாட்கூலியையும் கணக்கிடுகிறார். கதவு நிலைகளுக்காக ஓடாவியோடு பேரம் பேசுகிறார். ஆனால், மேல்மாடிச் சுவருக்குப் பூச்சுப் பூசப்போகும் மேசன் எதன்மேல் நின்று பூசுவார், அவருடைய கால் வழுக்கினால் அவரைத் தாங்கிப் பிடிப்பது எது என்ற கேள்வி அந்தக் கணக்கில் இடம்பெறுவது அரிது. அது எழுகின்ற வேளையில் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. ஆஸ்பத்திரி வாசலிலேதான் எழுகிறது.

விபத்து நேர்ந்தபின் வழமையாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று, விழுந்தவரின் கவனக்குறைவு, மற்றொன்று, விதி. முதற் காரணம் இறந்தவரையே குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது காரணம் ஒருவரையும் குற்றவாளியாக்காமல் விடுகிறது. இரண்டும் உயிரோடிருப்போருக்கு வசதியான விடைகள். ஆதலாற்றான் அவை இத்தனை காலமும் நிலைத்திருக்கின்றன.

கவனம் என்பது எவ்வளவு தூரம் துணைசெய்யும் என்று சற்றே எண்ணிப் பார்க்கலாம். இருபது அடி உயரத்திலிருந்து விழும் மனிதர் நிலத்தை அடைய எடுக்கும் நேரம் ஒரு விநாடிக்குச் சற்றே அதிகம். நிலத்தை அடையும்போது அவருடைய வேகம் மணிக்கு 24 மைல். ஓடுகின்ற காரிலிருந்து தெருவிலே எறியப்பட்டவருக்கும் அவருக்கும் வேற்றுமை இல்லை. அந்த ஒரு விநாடியிலே கவனத்துக்குச் செய்யத்தக்க வேலை ஒன்றும் இல்லை. விழுமுன் கவனமாக இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். மேசனின் கண் எங்கே இருக்கவேண்டும்? தூக்குக்குண்டின் நூலிலும், மட்டப்பலகையிலும், கரண்டியின் நுனியிலும் இருக்கவேண்டும். அங்கே கண் இல்லாவிட்டாற் சுவர் கோணும், வீட்டுக்காரரே கோபிப்பார். வேலையிலே கண்ணும், காலடியிலே கருத்துமாக நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் ஒருவர் நிற்கவேண்டும் என்பது மனித இயல்புக்கு அப்பாற்பட்ட எதிர்பார்ப்பு. மனிதர் தவறுவர், களைப்பர், தலைசுற்றுவர் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதற்கேற்பப் பலகையையும் வேலியையும் வலையையும் அமைப்பதே உயிர்க்காப்பின் தொடக்கம்.

இதனைப் பெரிய அளவிலே செய்துகாட்டிய வேலை ஒன்று அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் அருகே நடைபெற்றது. அங்குள்ள குடாவின் வாயிலுக்குக் குறுக்கே கோல்டன் கேற் என்னும் தொங்குபாலத்தைக் கட்டும் வேலை 1933ஆம் ஆண்டு சனவரி மாதம் தொடங்கியது. கோபுரங்கள் இரண்டும் 746 அடி உயரமானவை; அவற்றுக்கிடையே உள்ள தூரம் 4,200 அடி. பாலத்தின் தளம் நீர்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 220 அடியில் அமைந்தது. கடற்காற்று ஓயாமல் வீசும் இடம் அது. மூடுபனி படிந்து இரும்பெல்லாம் நனைந்து வழுக்கும்.

அக்காலத்திலே பெரிய கட்டுவேலைகளிற் பத்து இலட்சம் டொலருக்கு ஓர் உயிர் என்று ஒரு கணக்கு வழங்கிவந்தது. எவரும் அதைச் சட்டமாக இயற்றவில்லை. ஆயினும் கல்லுக்கும் இரும்புக்கும் போல உயிருக்கும் ஒரு மதிப்பீடு மனத்திலே போட்டுவைத்திருந்தனர். கோல்டன் கேற் பாலத்துக்கு மதிப்பிட்ட செலவு 350 இலட்சம் டொலர். அந்தக் கணக்கின்படி பார்த்தால் முப்பத்தைந்து மனிதர் இறப்பது எதிர்பார்க்கத்தக்க செய்தி. தலைமைப் பொறியியலாளராக இருந்த ஜோசப் ஸ்ட்ராஸ் அந்தக் கணக்கை ஏற்க மறுத்தார்.

வேலைக்கு வருவோர் யாவரும் கடினமான தலைக்கவசம் அணியவேண்டும் என்று விதிக்கப்பட்டது. சுரங்கத் தொழிலாளர் அணிந்துவந்த கவசத்தை மாற்றியமைத்துச் சான்பிரான்சிஸ்கோவிலேயே செய்த கவசம் அது. நீரிலே பட்டுத் தெறிக்கும் வெயிலின் கூச்சத்தைத் தடுக்கக் கண்ணாடிகள் கொடுக்கப்பட்டன. காற்றினால் முகமும் கையும் வெடிக்காதிருக்கப் பூச்சு மருந்து கொடுக்கப்பட்டது. தலைசுற்றலைத் தவிர்க்கத்தக்க உணவு எது என்பதுகூட ஆராயப்பட்டது. வேலைத்தலத்திலேயே ஒரு சிறு மருத்துவ நிலையம் இருந்தது. வேடிக்கைக்காக உயரத்திலே வித்தை காட்டுவோர் வேலையிலிருந்து நீக்கப்படுவர் என்றும் அறிவிக்கப்பட்டது. தொழிலாளருக்கு இது முதலிற் பிடித்திருக்காது. வீரத்தைக் காட்டுவதற்கும் அந்தத் தொழிலிலே ஒரு மதிப்பு உண்டு.

எல்லாவற்றினும் மேலானது வலை. 1936ஆம் ஆண்டிலே தளத்தின் இரும்பு வேலை தொடங்கியபோது, பாலத்தின் கீழே ஒரு கரையிலிருந்து மறு கரைவரை மணிலாக் கயிற்றினால் முடைந்த பெருவலை ஒன்று கட்டப்பட்டது. பாலத்தின் அகலத்துக்கு அப்பால் இரு புறமும் பப்பத்து அடி அது விரிந்திருந்தது. இரும்பு வேலை முன்னேற முன்னேற வலையும் அதற்கு முன்னே பதினைந்து அடி நீட்டி நின்றது. சர்க்கஸ் கூடாரத்திலே ஊஞ்சலாடுவோருக்குக் கீழே விரிப்பார்களே, அந்தக் கருத்துத்தான். அதைக் கட்டுவேலைக்கு இவ்வளவு பெரிதாக அமைக்கலாம் என்று எண்ணியதும், அதற்குப் பணம் ஒதுக்கச் செய்ததுந்தான் புதுமை.

வலைக்குச் செலவான தொகை 130,000 டொலருக்கு மேல். பெருந்தொகைதான். ஆனால் பாலத்தின் முழுச் செலவோடு ஒப்பிட்டால் ஆயிரம் டொலருக்கு ஏறக்குறைய நாலு டொலர். அந்த நாலு டொலர் பத்தொன்பது மனிதரைப் பிடித்தது. பத்தொன்பது பேரும் வலையிலே விழுந்து உயிரோடு எழுந்து வந்தனர். அவர்கள் தமக்குள் ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டனர். நரகத்துக்குப் பாதிவழி போய் மீண்டோர் சங்கம் என்பது அதன் பெயர். வலைக்கு மற்றொரு பயனும் இருந்ததாகச் சொல்வர். கீழே வலை உண்டு என்ற நினைப்பினாலே தொழிலாளர் கால்கூசாமல் நடந்தனர். வேலை வேகமாக நடந்தது. உயிர்க்காப்பு வேலையைத் தாமதப்படுத்தும் என்று சொல்லுவோர் இதனைக் கேட்கவேண்டும்.

வேலை தொடங்கி மூன்றாண்டுகளுக்கு மேலாகியும், 1936ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே நேர்ந்த ஓர் இறப்பைத் தவிர வேறு இறப்பு இல்லை. பாலம் திறக்கப்படுவதற்கு மூன்று மாதம் இருந்தது. 1937ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆந் திகதி, தளத்தின் அடியிலே கொங்கிறீற் வார்ப்பதற்கு அடித்திருந்த பலகைகளைக் கழற்றுவதற்காக ஒரு தொங்குமேடை பயன்பட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேர் அதன்மேல் இருந்தனர். மேடையைத் தாங்கிய பிடி தளர்ந்து, மேடை சாய்ந்து, தொன் கணக்கான பாரத்தோடு வலையின்மேல் விழுந்தது. வலை கிழிந்தது. பன்னிருவருள் இருவர் பிழைத்தனர். பத்துப்பேர் கடலிலே மாண்டனர்.

இந்தச் செய்தியைக் கேட்போர் சிலர், பார்த்தீர்களா, வலையும் உதவவில்லையே என்று முடித்துவிடுவர். அது பிழை. வலை மனிதரின் பாரத்துக்கென்று செய்யப்பட்டது. அந்தப் பாரத்தைப் பத்தொன்பது முறை தாங்கியது. இரும்பு மேடையின் பாரத்துக்கென்று அது செய்யப்படவில்லை. மேடையைத் தாங்கும் பிடிகளுக்கு வேறு கணக்கும், வேறு சோதனையும் வேண்டியிருந்தன. ஒரு காப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையிலே மற்றொன்றைச் சோதியாது விடுவது கட்டட வேலையிலே அடிக்கடி நிகழ்வது. தலையிலே கவசம் இருக்கிறதே என்று அறுந்த கயிற்றிலே ஏறுபவரும் உண்டு. பாலத்திலே இறந்தோர் மொத்தம் பதினொருவர். முப்பத்தைந்து என்ற எதிர்பார்ப்புக்கு அது மிகக் குறைவு. ஆனால் அந்தப் பத்துப்பேரின் வீட்டாரிடம் சென்று இக்கணக்கைச் சொல்ல எவருக்கும் நாவெழாது.

மேடையையும் வலையையும் சோதிப்பது ஒரு பக்கம். எதன்மேல் மேடை மாட்டப்பட்டிருக்கிறதோ அதைச் சோதிப்பது இன்னொரு பக்கம். இரண்டாவதை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே மேற்கு வேர்ஜினியா மாநிலத்திலே வில்லோ தீவு என்னுமிடத்தில் நேர்ந்த விபத்துச் சாட்சி. அங்கே மின்நிலையம் ஒன்றுக்காக நீரைக் குளிர்விக்கும் கொங்கிறீற்க் கோபுரம் எழுந்துகொண்டிருந்தது. சாரம் நிலத்திலிருந்து எழுப்பப்படவில்லை. கோபுரத்தின் சுவரிலேயே ஆணிகொண்டு பொருத்தப்பட்டிருந்தது. நாளுக்கொரு வளையமாகக் கொங்கிறீற் வார்ப்பர். மறுநாள் அந்த வளையத்தையே பற்றிக்கொண்டு சாரம் மேலே ஏறும். 1978ஆம் ஆண்டு ஏப்ரில் 27ஆந் திகதி, முதல்நாள் வார்த்த வளையம் சாரத்தின் பாரத்தைத் தாங்காமல் உடைந்தது. ஏறக்குறைய 166 அடி உயரத்திலிருந்து சாரம் முழுவதும் சுற்றிவரக் கழன்று விழுந்தது. அதன்மேல் நின்ற ஐம்பத்தொரு பேரும் இறந்தனர். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உறவினர் பலர் அவர்களுள் இருந்தனர்.

ஆராய்ந்தோர் கண்ட காரணம் எளியது. முதல்நாள் இரவு குளிராக இருந்தது. குளிரிலே கொங்கிறீற் இறுகுவது மெல்ல மெல்லத்தான். அது போதிய வலிமை பெற்றுவிட்டதா என்று சோதிக்காமலே சாரத்தை அதன்மேல் ஏற்றிவிட்டனர். அங்கே எந்தத் தொழிலாளியின் கவனம் உதவியிருக்கும்? ஐம்பத்தொருவரும் தத்தம் வேலையைச் செம்மையாகவே செய்துகொண்டிருந்தனர்.

இலங்கையிலே அத்தகைய குளிர் இல்லை. ஆனால் அவசரம் இருக்கிறது. கொங்கிறீற் தன் முழு வலிமையை அடைய 28 நாள் என்பது பொதுக்கணக்கு. ஏழு நாளிலே ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு வலிமை வரும். அதுவும் நாள்தோறும் நீர்விட்டு ஈரமாக வைத்திருந்தால். மேற்றளத்தின் அடியிலே கொடுத்த முட்டுக்கால்களை அடுத்த வீட்டு வேலைக்கு வேண்டும் என்று முன்னதாகவே எடுத்துச் செல்லுவோரை ஊர்தோறும் காணலாம். முட்டுக்கால் எடுக்கும் நாளைக் குறிப்பவர் பொறியியலாளராக இருக்கவேண்டும். வாடகைக்கு முட்டுக்கால் கொடுத்தவராக இருத்தல் கூடாது.

வானளாவிய கட்டடங்கள் எழுகின்ற கொழும்பு நகரிலே பெரிய நிறுவனங்களின் வேலைத்தலங்களில் தலைக்கவசமும், இடுப்புவாரும், வலையும் காணப்படுகின்றன. ஆனால் இந்நாட்டிலே எழும் வீடுகளிற் பெரும்பாலானவை அத்தகைய நிறுவனங்களாற் கட்டப்படுவன அல்ல. ஊரிலுள்ள ஒரு மேசனார், அவருடைய மருமகன், இரண்டு மூன்று கூலியாட்கள். இவர்களே கொந்தராத்துக்காரரும் தொழிலாளரும். சாரம் என்பது கமுக மரமும், மூங்கிலும், கயிறும், கிடைத்த பலகையும். இதிலே கமுகையோ மூங்கிலையோ குறைசொல்வது முறையன்று. ஹொங்கொங் நகரிலே நெடுங்காலமாக மிக உயர்ந்த கட்டடங்களும் மூங்கிற் சாரத்தின் துணைகொண்டே எழுந்தன. ஆனால் அங்கே சாரங்கட்டுவது தனியொரு தொழில், பழகிக் கைதேர்ந்தவர் செய்வது. இங்கே அது அன்று காலையிலே வந்த பையனிடம் ஒப்படைக்கப்படும் எடுபிடி வேலை. குறை மரத்திலன்று, அதிலேதான்.

கயிறு மழையிலே நனைந்தால் இறுகும். வெயிலிலே காய்ந்தால் தளரும். மாரிகாலத்திலே இரண்டு நாள் மழைக்குப் பின் மூன்றாம் நாட் காலையிலே ஏறும்போதுதான் ஆபத்து மிகுதி. ஒவ்வொரு முடிச்சையும் கையாற் பிடித்துப் பார்த்தபின்னரே ஏறவேண்டும். நடக்கும் பலகை ஒற்றைப் பலகையாக இருத்தல் கூடாது. பக்கத்திற் பக்கம் மூன்றாவது வேண்டும், இரு முனையும் கட்டப்பட்டிருக்கவேண்டும். பலகையின் முனையை மிதித்தவுடன் மறுமுனை எழும்பி ஆளைக் கீழே தள்ளுவது எல்லா மேசன்மாரும் அறிந்த சங்கதி. இடுப்பளவிலே குறுக்கே ஒரு கமுகந்தடியும், அதற்குக் கீழே இன்னொன்றும் கட்டினால் அதுவே வேலி. பலகையின் ஓரத்தில் அரையடி உயரத்துக்கு ஒரு கட்டை அடித்தால் கரண்டியும் கல்லும் கீழே நிற்பவரின் தலையில் விழா. முப்பதடி உயரத்திலிருந்து விழும் செங்கல் மணிக்கு முப்பது மைல் வேகத்திலே வந்து சேரும். ஏணியைச் சாய்க்கும்போது நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடியை வெளியே தள்ளி வைப்பதும், ஏணியின் தலை ஏறவேண்டிய தளத்துக்கு மேலே மூன்றடி நீண்டிருப்பதும் பிடித்து இறங்க வசதி. இவை யாவற்றுக்கும் வேண்டியவை நாலைந்து தடியும் ஒரு மணிநேர வேலையுந்தான்.

உயரத்திலிருந்து விழுவதை மட்டும் சொன்னாற் போதாது. மேலிருந்து மண் விழுவதும் உண்டு. மலைநாட்டிலே வீட்டுக்கு இடம் எடுக்க மேட்டை நேர்குத்தாக வெட்டுகின்றனர். அத்திவாரத்துக்கோ காப்புச் சுவருக்கோ கீழே குனிந்து வேலைசெய்வோரின் தலைக்கு மேலே மண்சுவர் நிற்கிறது. மழையில் ஊறிய மண் அறிவிப்பின்றிச் சரியும். ஒரு கனயார் மண்ணின் நிறை ஒரு தொன்னுக்கு மேல். மார்பளவு புதைந்தவரின் முகம் வெளியே இருந்தாலும் அவரால் மூச்சை இழுக்க முடிவதில்லை. மண் நெஞ்சை விரியவிடாது. ஆதலால் நாலைந்து அடிக்கு மேற்பட்ட ஆழத்திலே வெட்டும்போது சுவரைச் சரிவாக வெட்டவேண்டும், அல்லது பலகையும் முட்டும் கொடுக்கவேண்டும். வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பது, தலைக்கு மேலே இன்னொரு பாரத்தைத் தானே ஏற்றிக்கொள்வதாகும். மண் சரிந்த குழியிலே துடிப்பு மிகுந்து உடனே குதிப்போரும் பலமுறை இரண்டாம் சரிவில் அகப்பட்டுவிடுகின்றனர்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். தெருவோரமாகச் செல்லும் 33,000 வோல்ற்றுக் கம்பியையும் 11,000 வோல்ற்றுக் கம்பியையும் வீட்டுக் கம்பி போன்று எண்ணி, மேல்மாடிக்கு இருபதடி இரும்புக் கம்பிகளை நிமிர்த்தித் தூக்குவோர் உண்டு. அத்துணை அழுத்தமுள்ள மின்சாரம் கம்பியைத் தொடும்வரை காத்திராது. அண்மையிலே வந்தாற் பாய்ந்துவிடும். அந்த வேலை தொடங்குமுன் மின்சாரசபையாருக்கு அறிவிப்பதற்கு ஒரு நாட் பிந்தினாலும் பிந்தலாம்.

சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை. வேலையாட்களுக்கு நட்டஈடு வழங்கும் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலும், தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டிலும் இந்நாட்டிலே இயற்றப்பட்டன. வேலையினாலும் வேலையின்போதும் நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு கேட்கும் உரிமை கூலியாளுக்கும் உண்டு என்பதைக் கூலியாட்கள் பலர் அறியார். சர்வதேசத் தொழில் நிறுவனம் கட்டட வேலையின் உயிர்க்காப்புக்கென்றே ஒரு சமவாயத்தை 1937ஆம் ஆண்டு, கோல்டன் கேற் பாலம் திறக்கப்பட்ட அதே ஆண்டிலே, நிறைவேற்றியது; 1988ஆம் ஆண்டிலே அதைப் புதுப்பித்து மற்றொன்றை வகுத்தது. ஆயினும், ஒரு கிராமத்து ஒழுங்கையிலே மூன்று பேர் வேலைசெய்யும் வீட்டுக்குப் பரிசோதகர் ஒவ்வொரு நாளும் வந்து பார்ப்பது நடவாத காரியம். அங்கே சட்டத்தின் இடத்தில் நிற்பவர் வீட்டுக்காரர். அவர் பேசுகின்ற விலையிலேதான் சாரத்தின் உறுதியும் தீர்மானமாகிறது.

ஏனெனில், பேரம் நடக்கும் விதம் இது. மேசனார் ஒரு தொகை சொல்கிறார். வீட்டுக்காரர் குறைக்கச் சொல்கிறார். கல்லிலே குறைக்க முடியாது. வீட்டுக்காரர் எண்ணிப் பார்ப்பார். சீமெந்திலே குறைத்தாற் சுவர் காட்டிக்கொடுக்கும். கூலியிலே குறைத்தால் ஆட்கள் வரமாட்டார்கள். வேலை முடிந்ததும் கழற்றி எடுக்கப்படுவதும், பின்னர் ஒருவர் கண்ணுக்கும் தெரியாததும் ஒன்றே ஒன்று, அது சாரம். ஆகவே குறைவது அங்கேதான். மூன்று பலகை ஒன்றாகிறது. வேலித் தடி இல்லாமற் போகிறது. பழைய கயிறே போதும் என்றாகிறது. இதனை வீட்டுக்காரர் கேட்டுச் செய்யவில்லை. மேசனாரும் விரும்பிச் செய்யவில்லை. இருவரும் பேசாமல் விட்ட இடத்திலே அது தானாக நடந்துவிடுகிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. சில பொறியியலாளர் அதனைக் கையாளுகின்றனர். வேலைக்கான விலைப்பட்டியலிலே சாரத்துக்குத் தனியே ஒரு வரி எழுதுவது. இத்தனை அடி உயரம், இத்தனை தடி, மூன்று பலகை அகலம், இரண்டு வேலித் தடி, புதுக்கயிறு, இதற்கு இவ்வளவு ரூபா என்று அந்த வரியிலே இருக்கும். மற்ற வரிகளைக் குறைத்துப் பேசலாம். இந்த வரியைத் தொடுவதில்லை என்று இரு தரப்பாரும் கையெழுத்திடுவர். சாரம் எழுந்தபின் அந்தத் தாளைக் கையிலே வைத்துக்கொண்டு தடிகளை எண்ணிப் பார்க்க எவராலும் முடியும். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.